சுருக்குப்பையை எடுத்தது யாரு?

மறதி நோய் என்றதும் நம்ம செட்டுக்கு முதலில் ஞாபகம் வருவது 'கஜினி' சூர்யாதான். உடம்பு பூரா பச்சை குத்தி, சுவர் பூரா போட்டோ ஒட்டி, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் அழிஞ்சு போயிடும். படம் சூப்பர். ஆனால் அது டிமென்ஷியா இல்லை, தலையில் அடிபட்டு வருகிற வேறு பிரச்சனை, அதுவும் சினிமாவுக்காக மசாலா சேர்த்தது. கொஞ்சம் கிட்ட வருவது 2015-ல் வந்த 'ஓ காதல் கண்மணி'. லீலா சாம்சன் நடித்த பவானி ஆன்ட்டிக்கு அல்சைமர். பிரகாஷ்ராஜ் பொறுமையாகப் பார்த்துக்கொள்வார். அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பவானி ஆன்ட்டி அழகாக, அமைதியாக மறக்கிறார். யாரையும் திட்டுவதில்லை, யார் மேலும் திருட்டுப் பட்டம் கட்டுவதில்லை.

நம்ம ஊர் வீடுகளில் இந்த நோய் பெரும்பாலும் மறதி என்ற பெயரில் உள்ளே வருவதில்லை, சண்டையாகத்தான் வருகிறது. "என் சுருக்குப்பைய யாரு எடுத்தது?" என்று ஆரம்பிக்கும். மாமியார் மருமகள் பிரச்சனை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதனால்தான் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆனாலும் அது நோய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மெடிக்கல் காலேஜ் மேகஸின்ல எழுத வேண்டியதை இங்க ஏன் எழுதுறேன்னு கேட்டால், இந்த நோய் இருக்கிற வீட்டில் டாக்டர் இருப்பதில்லை, நம்மள மாதிரி ஒரு ஸ்டூடண்ட்தான் இருப்பாங்க.

முதலில் அடிப்படை. டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பின்னால் டெங்கு இருக்கலாம், டைபாய்டு இருக்கலாம். அதே மாதிரி ஞாபகம், பேச்சு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது, முடிவெடுப்பது போன்ற திறமைகள் குறைந்துகொண்டே வந்து, ஒருத்தர் தன் அன்றாட வேலையைத் தானே செய்ய முடியாமல் போகிற நிலைக்குத்தான் டிமென்ஷியா என்று பேர். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் அல்சைமர்தான் பெரியது. நூற்றில் 60 முதல் 70 பேருக்கு அதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது. பிரஷரும் சுகரும் அதிகமாக இருக்கிற நம்ம ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கக் கூடாது. வயதானவர்களில் பலருக்கு ரெண்டும் கலந்தே இருக்கும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, ஞாபகம் நன்றாக இருந்தும் குணம் மட்டும் தலைகீழாக மாறுவது என்று வேறு சில வகைகளும் உண்டு.

தமிழில் 'மறதி நோய்' என்றும் 'முதுமை மறதி' என்றும் எழுதுகிறார்கள். ரெண்டுமே பாதிதான் சரி. மறதி மட்டும் இதில் இல்லை, வயசானால் எல்லாருக்கும் வருவதும் இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கதவு முன்னாடி நிற்பது நோய்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க உடனே "ராம் போச்சு, ஹார்ட் டிஸ்க் ஓகே" என்று சொல்வார்கள். ஓரளவு சரி. அல்சைமரில் அமிலாய்டு, டாவ் என்ற ரெண்டு புரதங்கள் மூளையில் தப்பான விதத்தில் சேர்கின்றன. அறிகுறி தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இது ஆரம்பித்துவிடுகிறது. சீக்கிரமே அடி வாங்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புதிதாக நடப்பதைப் பதிவு செய்ய அந்த இடம் வேண்டும். அது பழுதானால் புதுசு எதுவும் சேவ் ஆகாது, ஆனால் பழசு ரொம்ப நாள் அப்படியே இருக்கும். எங்க ஆயாவுக்கு (அப்பாவோட அம்மா) காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. ஆனால் 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரை அடித்தபோது எங்க வீட்டுக் கூரை ஷீட் எந்தப் பக்கம் பறந்து, யார் வீட்டுக் கிணற்று மேல் விழுந்தது என்று கையை நீட்டிக் காட்டும். இதைப் பார்க்கிற சொந்தக்காரங்க, "இவ்வளவு ஞாபகம் இருக்கே, இதுக்கா டாக்டர்?" என்பார்கள். அந்த ஞாபகம் நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அல்சைமரில் அப்படித்தான் இருக்கும்.

இனி சண்டை விஷயத்துக்கு வருவோம்.

உலகத்தில் முதன்முதலில் அல்சைமர் என்று பதிவான கேஸே ஒரு குடும்பச் சண்டையில்தான் தொடங்கியது. ஜெர்மனியில் அகுஸ்டே டீட்டர் என்ற பெண், வயது 51. ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர் மேல் திடீரென்று சந்தேகம், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு தொடர்பு என்று. வீட்டுச் சாமான்களை எடுத்து எங்கெங்கோ ஒளித்து வைப்பார். சமையல் குழம்பிப் போனது. 1901 நவம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு மூளையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதே வருஷம் நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் அல்சைமர் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையாம். (நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் அப்படி நடந்தால் நாம் சந்தோஷப்படுவோம், அது வேற.) 1910-ல் எமில் க்ரேப்பலின் தன் பாடப் புத்தகத்தில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயர் வைத்தார்.

ஆக, சந்தேகப்படுவதும் பொருளை ஒளித்து வைப்பதும் நோயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சமாச்சாரம் இல்லை, ஆரம்பத்திலேயே வரக்கூடியவை. லாஜிக்கும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆயா சுருக்குப்பையைத் தலையணை உறைக்குள் வைக்கிறது. வைத்தது பதிவாகவே இல்லை. தேடும்போது வழக்கமான இடத்தில் இல்லை. 'நான் மறந்துட்டேன்' என்று சொல்ல, மறந்தது என்பதாவது தெரிய வேண்டும். அது தெரியாதபோது மூளைக்குக் கிடைக்கும் ஒரே நியாயமான பதில், 'யாரோ எடுத்துட்டாங்க'. வீட்டில் நாள் முழுக்க யார் இருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் பழி போகும். எங்க வீட்டில் அது அம்மா. சோறு போட்டு, குளிப்பாட்டி, தலை வாரி விடுகிறவர் மேலேயே தினமும் திருட்டுப் பட்டம்.

விருத்தாசலத்தில் இருக்கும் பெரிய அத்தை போன் செய்தால் ஆயா தெளிவாகப் பேசும். "சாப்டியா, புள்ளைங்க எப்படி இருக்கு" என்று கேட்கும். பத்து நிமிஷப் பேச்சுக்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் ஐம்பது வருஷப் பழக்கம், தானாக வந்துவிடும். போனை வைக்கும் முன் அதே ஆயா, "இவ என் காசையெல்லாம் எடுத்துக்கறா" என்றும் சொல்லிவிடும். அத்தைக்கு எதை நம்புவது? அப்பாவிடம், "அம்மா நல்லாத்தானே பேசுது, அண்ணிதான் ஏதோ..." என்று இழுத்தார். இந்த மாதிரி இழுவையில் எத்தனை வீட்டில் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மா கண்டுபிடித்த வழி எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை, ஆனால் டாக்டர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். "நான் எடுக்கல" என்று வாதாடுவதை நிறுத்தினார். "காணோமா அத்தை? வாங்க, ரெண்டு பேரும் தேடலாம்" என்று கூடவே தேடுவார். கிடைக்கும்போது ஆயா கையாலேயே கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொள்வார். அதே மாதிரி ரெண்டு சுருக்குப்பை தைத்து, சில்லறை போட்டு வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் இன்னொரு பிரச்சனை. "வீட்டுக்குப் போவணும்" என்று ஆயா கிளம்பும். இருப்பது நாற்பது வருஷம் இருந்த சொந்த வீடு. "இதான் உங்க வீடு" என்று சொன்னால் கோபம் இன்னும் ஏறும். ஆயா கேட்கும் வீடு பரங்கிப்பேட்டைப் பக்கம், கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த வீடு. "சரி, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்லி, ஓல்டு டவுன் தெருவில் ஒரு சுற்று நடந்து திரும்பி வந்தால், பாதி நாள் சரியாகிவிடும். மீதி பாதி நாள் ஆகாது.

இப்படிச் சமாளிப்பது பொய் சொல்வது இல்லையா என்று என் ரூம்மேட் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத் துண்டுகளையும் சந்தோஷமான படத் துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் பார்த்ததே பலருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் மனதில் தொடர்ந்து இருந்தன. அதாவது, ஆயாவைக் காலையில் கத்தினால், கத்தியது மறந்துவிடும், ஆனால் காரணம் தெரியாத ஒரு வருத்தமும் பயமும் மட்டும் நிற்கும். ஜெயிக்கவே முடியாத வாதத்தில் உண்மையை நிலைநாட்டி என்ன கிடைக்கப் போகிறது?

அடுத்து, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் எனக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

உலகம் பூரா அதிகம் பயன்படும் ஒரு டெஸ்ட் உண்டு. 1975-ல் அமெரிக்காவில் வந்தது, மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, ஒன்றோடு ஒன்று வெட்டிக்கொள்ளும் ரெண்டு ஐங்கோணத்தை வரை. பள்ளிக்கூடமே போகாத எங்க ஆயா, நோய் வருவதற்கு முன்பே இதில் ஃபெயில் ஆகியிருக்கும். ஆனால் அதே ஆயா முப்பது வருஷம் இட்லிக் கடை நடத்தியது. யார் எத்தனை இட்லி, எத்தனை வடை, யாருக்குப் போன வாரப் பாக்கி எவ்வளவு என்று எல்லாம் மனக்கணக்கு. பேப்பரில் ஒரு வரி இல்லை. படிக்காதவர்களுக்கு இந்த டெஸ்ட் வைத்தால் நோய் இல்லாதவரை நோயாளி ஆக்கும். படித்தவர்களுக்கு வைத்தால் தலைகீழ். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் நோயோடவே நல்ல மார்க் வாங்கிவிடலாம்.

இதை இந்தியாவில் சும்மா விட்டுவிடவில்லை. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் வேலை பார்த்த ஆய்வாளர்கள் 1995-ல் அந்த டெஸ்ட்டை இந்தியில் மாற்றினார்கள். எழுத வேண்டிய இடத்தில் வாயால் சொல்லச் சொன்னார்கள், படித்துச் செய்ய வேண்டியதைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள். 1998-ல் கொச்சியில் நடந்த மாநாட்டில் '10/66' என்று ஒரு ஆய்வுக் குழு உருவானது. பேருக்கு அர்த்தம் இதுதான்: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வில் 10 சதவீதம் கூட அவர்களைப் பற்றி இல்லை. அந்தக் குழு சென்னையிலும் வேலூர் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனது. அவர்களுடைய முறையில் முக்கியமான விஷயம், வயதானவரிடம் மட்டும் கேட்பதில்லை. கூட இருப்பவரிடமும் தனியாகக் கேட்பார்கள். முன்னே செய்த வேலையை இப்போது செய்கிறாரா, காசு கொடுத்து மீதி வாங்கத் தெரிகிறதா, பழக்கமான தெருவில் வழி தவறுகிறதா என்று.

கூட இருப்பவர் என்றால் யார்? நம்ம வீடுகளில் மருமகள்தான். அதாவது, நோயைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, குற்றம் சாட்டப்பட்டு நிற்கிற அதே ஆள். "அத்தை சரியில்ல" என்று அவர் சொன்னால் வீட்டில் எவனும் நம்பமாட்டான். எங்க வீட்டில் அம்மா ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். குழம்பில் ரெண்டு தடவை புளி கரைத்து ஊத்தினது, நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போனது, கோலத்தை நடுவில் விட்டுட்டு நின்றது. முதலில் போன ஒரு கிளினிக்கில் "வயசானா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ரெண்டாவது இடத்தில் டாக்டர் அந்த நோட்டை உட்கார்ந்து படித்தார். ஸ்கேனை விட அதுதான் உபயோகமாக இருந்தது என்றார்.

எண்ணிக்கை கொஞ்சம் பார்ப்போம். 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரை 2017 முதல் 2020 வரை நாடு முழுக்கப் பரிசோதித்து, 2023-ல் வெளியான கணக்குப்படி, இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. சுமார் 88 லட்சம் பேர். 2036-ல் ஒரு கோடியே 69 லட்சம் ஆகலாம் என்கிறார்கள். ஆண்களில் 5.8, பெண்களில் 9. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. இந்த இடைவெளிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் இருக்கிறது. யாரைப் படிக்க அனுப்பினார்கள், யாரை அனுப்பவில்லை என்பது அறுபது வருஷம் கழித்து மூளையில் வந்து நிற்கிறது.

இன்னொரு சுவாரஸ்யமான ஆய்வும் நம்ம பக்கத்திலிருந்துதான். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசுபவர்களை விட, ரெண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தள்ளி ஆரம்பித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது தெரிந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த எல்லா ஆய்விலும் இதே பதில் வரவில்லை, அதனால் உடனே ஆப் டவுன்லோட் செய்து ஜெர்மன் கற்க ஆரம்பிக்க வேண்டாம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு இந்தக் கட்டுரையைத் தமிழில் டைப் பண்ண மூணு நாள் எடுத்துக்கொண்ட எனக்கு ஏதோ கொஞ்சம் ஆறுதல்.

இதைவிட உறுதியானது லான்செட் ஆணையம் 2024-ல் சொன்னது. காது கேளாமை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், சிகரெட், குடி, தலையில் அடி, தனிமை, படிப்பின்மை என்று 14 விஷயங்களைச் சரி செய்தால் உலகத்தில் 45 சதவீதம் வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். இதில் பெரும்பாலானவை நடுவயது விஷயம். அதாவது ஆயாவுக்கு இல்லை, நம்ம அப்பா அம்மாவுக்கு. அப்பா டிவி சவுண்டை நாற்பதில் வைத்துப் பார்க்கிறார் என்றால் மீம் போடுவதற்குப் பதில் காது டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது நடைமுறை. மறதி எல்லாமே திரும்பாத மறதி இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம், சில தூக்க மாத்திரைகள், கீழே விழுந்து தலைக்குள் மெதுவாகச் சேரும் ரத்தம், இதெல்லாம் டிமென்ஷியா மாதிரியே தெரியும், ஆனால் சரி செய்யக்கூடியவை. அதனால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது. ஆயாவுக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்ட பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது, முழுசாக வரவில்லை. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: நேற்று வரை நன்றாக இருந்தவர் ரெண்டே நாளில் குழம்பிப் பேசினால் அது டிமென்ஷியாவாக இருக்க வாய்ப்பு குறைவு. யூரின் இன்ஃபெக்‌ஷன், உப்புக் குறைவு, தண்ணீர் குடிக்காதது, பக்கவாதம் என்று எதுவும் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது? சிதம்பரத்தில் ராஜா முத்தையா என்று நாம் இன்னமும் சொல்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம், மனநலம் ரெண்டு பிரிவும் இருக்கு. கடலூர்க்காரங்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ரொம்பப் பக்கம், நரம்பியல் பிரிவு அங்கே உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டெம்கேர்ஸ் என்று டிமென்ஷியாவுக்காகவே ஒரு சேவை நடத்துகிறது. கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மையம் திறந்திருக்கிறார்கள், ஆனால் சிதம்பரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் ஆனால் பதறுகிற ஒருத்தரைப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் கூட்டிப்போவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறது. வாசலுக்கு வருகிற அந்த அக்கா "பாட்டி காசு எண்ணுறாங்களா, வழி தெரியுதா?" என்று ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனையோ வீட்டில் சண்டை குறையும் என்பது என் ஆசை. ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை இருக்கிறது, டோனெபெசில் மாதிரி. சிலருக்குக் கொஞ்ச நாள் தெளிவு தரும், நோயை நிறுத்தாது. அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற ஊசி, ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களுக்கு வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் மிச்ச வேலை எல்லாம் மனுஷங்க வேலை.

போன வருஷம் ஒரு நாள் ஆயா கிளம்பி ஓல்டு டவுனில் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டது. பரங்கிப்பேட்டைக்குப் போகிறதாம். பி.முட்லூரில் இறங்கி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றிருக்கிறது. டீக்கடை அண்ணன் ஒருத்தர் உட்கார வைத்து, சுருக்குப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே துணியில் அம்மா நூலால் தைத்து வைத்திருந்த போன் நம்பர். நான் காலேஜிலிருந்து போய்ச் சேரும்போது ஆயா அவரிடம் தானே புயல் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் கூட்டம் போட்டோம். பெரிய அத்தையும் வந்தார், பத்து நாள் தங்கினார். நாலாவது நாள் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் திருடிவிட்டதாக ஆயா அவரையே திட்டியது. (கண்ணாடி ஆயாவுடையது கூட இல்லை.) அன்றைக்கு ராத்திரி அத்தை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது மாதத்தில் ஒரு வாரம் ஆயா விருத்தாசலத்தில். அப்பா ராத்திரி டியூட்டி பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை, "வீட்டுக்குப் போவணும்" நேரம், என் பொறுப்பு. அம்மா அந்த நாலு மணி நேரம் அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போவாங்க, இல்லன்னா சில்வர் பீச்ல சும்மா உட்கார்ந்துட்டு வருவாங்க. செமஸ்டர் எக்ஸாம் வந்தாலும் இந்த ஷிஃப்ட் மாறாது.